பழைய துப்பாக்கி, ஈயமில்லாத ரவை: வாத்து வேட்டைக்கு எந்த வழி நல்லது?

அமெரிக்காவில் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்து சேர்வது பெரிய காரியமில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் விட்டுச் சென்றது, பண்ணை ஏலத்தில் வந்தது, மனைவி வழித் தாத்தாவுடையது என்று ஏதோ ஒரு வகையில் ஒரு பார்க்கர் இரட்டைக் குழலோ, வின்செஸ்டர் மாடல் 12-ஓ, பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் ஆட்டோ-5-ஓ வீட்டுக்குள் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அவை எல்லாம் ஈய ரவைக்காகச் செய்யப்பட்டவை. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு அமெரிக்கா முழுவதும் 1991 முதல் தடை. கனடாவில் 1999 முதல். எந்த வேட்டைக்காக அந்தத் துப்பாக்கி பிறந்ததோ, அந்த வேட்டைக்கு அதன் பழைய தோட்டாவை எடுத்துப் போக முடியாது.

நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. மலிவான இரும்பு ரவையைப் பழைய துப்பாக்கியிலேயே போட்டுச் சுடுவது; பிஸ்மத் போன்ற மென்மையான, விலை கூடிய ரவையைப் போடுவது; குழலைத் திருத்தியோ மாற்றியோ இரும்புக்கு ஏற்றதாக்குவது; வாத்துக்கென்று புதுத் துப்பாக்கி ஒன்று வாங்கிவிடுவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி நல்ல நிலையில் இருந்தால் பிஸ்மத், அதுவும் அழுத்தம் குறைந்த தோட்டாவில், 35 கஜத் தூரத்துக்குள். பருவம் முழுக்க அடிக்கடி போகிறவர் கூடவே ஒரு புதுத் துப்பாக்கியும் வைத்துக்கொள்ளலாம். முதல் வழி வேண்டவே வேண்டாம். மூன்றாவது வழியை ஒரே ஒரு துப்பாக்கிக்கு மட்டும் நான் ஒப்புக்கொள்வேன்.

வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஈயம் ஏன் போனது என்பதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இன்னமும் சிலர் அந்தத் தடையை அதிகாரிகளின் வீம்பு என்று பேசுகிறார்கள். வாத்தை நேசிக்கிறவர் அப்படிப் பேசக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வாத்துக்குப் பல் கிடையாது. தின்ற தானியத்தை அரைக்கச் சிறு கற்களை விழுங்கி அரைவைப் பையில் வைத்துக்கொள்ளும். ஏரிப் படுகையில் பல பருவங்களாகச் சேர்ந்து கிடக்கும் ஈய ரவையையும் கல் என்றோ விதை என்றோ எண்ணி விழுங்கிவிடும். அது கற்களோடு தேய்ந்து, அமிலத்தில் கரைந்து, ரத்தத்தில் கலக்கும். ஒன்றிரண்டு ரவையே ஒரு வாத்தின் உயிரை எடுக்கப் போதும். இல்லினாய் மாநிலத்தில் ஆராய்ச்சி செய்த ஃபிராங்க் பெல்ரோஸ், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு மூன்று இப்படிச் சாகின்றன என்று 1959-இல் மதிப்பிட்டார். சாகக் கிடந்த வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் நஞ்சேறிச் செத்தன. 1980-களில் தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது அந்தக் கழுகுகளுக்காகத்தான். தடைக்குப் பிறகு மிசிசிப்பி வலசைப் பாதையின் மல்லார்ட் வாத்துகளை ஆராய்ந்தவர்கள், ஈய நஞ்சால் நேரும் சாவு 64 சதவீதம் குறைந்திருக்கிறது என்றார்கள். வட அமெரிக்கா முழுவதும் 1997-இல் மட்டும் சுமார் 14 லட்சம் வாத்துகள் தப்பின என்பது அவர்கள் கணக்கு. ஈயம் போனது போனதுதான்; போனது நல்லதும்கூட.

கடினம் வேறு, அழுத்தம் வேறு

பழைய துப்பாக்கிக்குத் தோட்டா தேடுகிறவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ரவை எவ்வளவு கடினம் என்பது ஒரு கேள்வி. மருந்து எரியும்போது தோட்டா அறையில் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியே பதில் தெரிந்த பிறகுதான் விசையில் விரல் வைக்க வேண்டும்.

கடினத்தை எடுத்துக்கொள்வோம். குழலின் வாய்ப்பக்கம் சற்றே குறுகியிருக்கும். அதைச் சோக் என்பார்கள். ரவைகள் அகலச் சிதறாமல் கூட்டமாகப் போக அது உதவுகிறது. அந்தக் காலத்து வாத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் மிக இறுக்கமான ஃபுல் சோக்கோடு வந்தவை. ஈயம் மென்மையானது என்பதால் அந்தக் குறுகலில் நசுங்கி நெளிந்து வெளியேறிவிடும். இரும்பு நசுங்காது. ஒன்றையொன்று முட்டும் ரவைகள் குழலை வெளிப்பக்கம் தள்ள, சோக் தொடங்கும் இடத்தில் மோதிரம் மாட்டியது போல ஒரு வீக்கம் விழும். முதல் வேட்டிலேயே விழும் என்றில்லை. விழுந்த பிறகு நீக்குவது மிகக் கடினம். இரட்டைக் குழலாக இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பற்றவைப்பும் கழன்றுகொள்ளும்.

இனி அழுத்தம். இன்று அமெரிக்காவில் விற்கும் 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் உள்விட்ட அளவு) 70 மி.மீ. தோட்டாவுக்குத் தொழில்துறைத் தரம் அனுமதிக்கும் உச்சம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. முதல் உலகப் போருக்கு முந்திய துப்பாக்கிகள் பலவற்றுக்கு இது மிஞ்சிய சுமை. குழல் தாங்கினாலும் கட்டை தாங்காது. பல பத்தாண்டுகள் எண்ணெய் ஊறி இளகிப்போன மரம், இரும்புப் பாகத்தோடு பொருந்தும் இடத்தில் பின்னுதைப்பு பட்டுப் பட்டுப் பிளந்துவிடும்.

தோட்டாப் பெட்டியில் ‘பழைய துப்பாக்கிக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டுமான பதில். ரவை மென்மையானது, சோக்கைக் கெடுக்காது என்பதே அதன் பொருள். அதே பெட்டியின் தோட்டா ஒன்றேகால் அவுன்ஸ் ரவையை நொடிக்கு 1,400 அடி வேகத்தில் தள்ளுவதாக இருந்தால், ரவை எவ்வளவு மென்மையாக இருந்தும் நூறு வயது பார்க்கருக்கு அது ஆகாது.

தோட்டா வாங்கும் முன் அளவெடுக்க வேண்டும்

பழைய இரட்டைக் குழல்களைக் கையாண்டு பழகிய கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுங்கள். அறை நீளம், குழல் சுவரின் தடிமன், சோக்கின் குறுகல் ஆகிய மூன்றையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். இதற்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

அறை நீளத்தில் ஓர் ஏமாற்று ஒளிந்திருக்கிறது. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளிலும், அமெரிக்காவின் பழைய 16 கேஜ்களிலும் அறை சுமார் 65 மி.மீ. மட்டுமே. 70 மி.மீ. தோட்டா அதற்குள் சுலபமாகப் போய் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடும்போது விரியும் வாய் குழலின் குறுகும் பகுதிக்குள் புகுந்து ரவையின் வழியை நெருக்கும்; அழுத்தம் ஏறும். உள்ளே போகிறதே என்பதை வைத்து முடிவெடுத்துவிடக் கூடாது.

சுவர்த் தடிமனுக்குப் பிரிட்டனில் அரை மில்லிமீட்டரைக் கீழெல்லையாக வைத்துப் பேசுவது வழக்கம். அங்கே செய்த துப்பாக்கியில் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரைகள் இருக்கும். எந்த மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பது அவற்றிலிருந்து தெரியும். அமெரிக்காவில் அரசுச் சோதனைச் சாலை இருந்ததில்லை. ஆகவே பார்க்கர், ஃபாக்ஸ், எல்.சி. ஸ்மித், இத்தாக்கா போன்றவற்றை அளந்து பார்த்தே அறிய வேண்டும்.

குழலின் மேல் சுருள் சுருளாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்துச் செய்தது, கரிமருந்துக் காலத்தது. அதற்கென்றே அழுத்தம் மிகக் குறைந்த தோட்டா கட்டிச் சுடுகிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். நான் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பட்டைகள் சேரும் இடங்களில் உள்ளுக்குள் ஏறிய துரு வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. குழலைத் தாங்கும் இடது கையோ அதற்கு நேர் கீழே இருக்கிறது. சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், அதுவே போதும்.

இரும்பு ரவை

இரும்பைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், ரவை உருண்டை கெடாமல் பறப்பதால் கூட்டம் ஒழுங்காக இருக்கும். ஒரு தோட்டா பொதுவாக ஒரு டாலரைச் சுற்றித்தான் ஆகும். அதன் குறை எடை. ஈயத்தின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு சுமார் 11 கிராம் என்றால் இரும்புக்கு 7.8 மட்டுமே. அதனால் ஈயத்தில் 4-ஆம் எண் ரவை போட்டவர் இரும்பில் 2-ஆம் எண் போட வேண்டும். எண் குறையக் குறைய ரவை பெரிது; இரண்டு அளவு பெரிதாக எடுப்பது பழகிப்போன கணக்கு. எடைக் குறைவை ஈடுகட்ட வேகத்தையும் கூட்டுகிறார்கள். ஆக, பெரிய கடின ரவை, உயர்ந்த வேகம். இரண்டும் பழைய குழலுக்கு ஒத்துவராதவை.

தயாரிப்பாளர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் செய்த ஆட்டோ-5 குழல்களிலும் சூப்பர்போஸ்ட் என்னும் இரட்டைக் குழலிலும் இரும்பு ரவையைச் சுட வேண்டாம் என்பது பிரவுனிங் நிறுவனத்தின் அறிவுரை. வின்செஸ்டர் மாடல் 12-இன் எஃகு உறுதியானதாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். உறுதியானதுதான், ஆனால் அதில் ஃபுல் சோக் இருந்தால் கேள்வி எஃகைப் பற்றியது அல்ல, அந்தக் குறுகலைப் பற்றியது. 1950-க்குப் பிந்திய ரெமிங்டன் 870 போன்றவற்றில் சோக் மாடிஃபைடு (நடுத்தரக் குறுகல்) அல்லது அதைவிடத் தளர்வாக இருந்தால் சாதாரண இரும்புத் தோட்டாவைத் தாங்கும். அவற்றைப் பழைய துப்பாக்கி என்று நான் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

பிஸ்மத்

தனிம அட்டவணையில் ஈயத்துக்கு அடுத்த கட்டத்தில் நிற்கும் உலோகம் இது. நஞ்சில்லை, அமெரிக்க வீடுகளில் வயிற்றுக் கோளாறுக்குக் குடிக்கும் இளஞ்சிவப்பு மருந்தில் இருப்பதும் பிஸ்மத் உப்புதான். அடர்த்தி சுமார் 9.6. ஈயத்துக்குக் கொஞ்சம் கீழே, இரும்புக்கு நிறையவே மேலே. ஈயத்தில் போட்ட எண்ணையோ அதற்கு ஓர் அளவு பெரியதையோ போட்டால் போதும். மல்லார்டுக்கு 4 அல்லது 5, கிளுவைக்கு 6.

தனி பிஸ்மத் நொறுங்கும் குணம் கொண்டது. அதனால் சிறிதளவு வெள்ளீயம் சேர்த்து வார்க்கிறார்கள். 1990-களில் இந்தக் கலவைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்த புதிதில் வந்த தோட்டாக்களில் ரவை குழலுக்குள்ளேயே உடைந்து தூளாகிறது என்று புகார் இருந்தது. இன்றைய பிஸ்மத் அதைவிட எவ்வளவோ மேல். மிச்சிகனில் இயங்கும் பாஸ் நிறுவனம் ரவைக்குச் செம்பு முலாம் பூசித் தருகிறது. கென்ட், ஃபெடரல், வின்செஸ்டர் எல்லாரிடமும் பிஸ்மத் உண்டு. 16 கேஜ் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் அந்த அளவில் இரும்புத் தோட்டா தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை.

பிஸ்மத் நசுங்கிக் கொடுக்கும், ஆகவே ஃபுல் சோக்கைப் பற்றிய பயம் போய்விடுகிறது. மிஞ்சுவது அழுத்தமும் அறை நீளமும். பழைய இரட்டைக் குழலுக்கு நான் சொல்வது: 12 கேஜில் ஒன்று முதல் ஒன்றே அரைக்கால் அவுன்ஸ், நொடிக்கு 1,200 அடியை ஒட்டிய வேகம், அறைக்குப் பொருந்திய நீளம். வேகம் குறைவு என்றாலே அழுத்தமும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். உச்ச அழுத்தம் என்ன என்று தயாரிப்பாளரையே கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அந்தத் தோட்டா உங்களுக்கு வேண்டாம். வீட்டில் தோட்டா கட்டுகிறவர்கள் பிஸ்மத்துக்கென்று சோதித்து வெளியிட்ட அளவுகளை அப்படியே பின்பற்ற வேண்டும்; ஈயத்துக்கான அளவில் ரவையை மட்டும் மாற்றிப் போடுவது ஆபத்து.

விலைதான் உறுத்துகிறது. ஒரு தோட்டா இரண்டு டாலரும் அதற்கு மேலும் ஆகும். உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவுடையது. 2025 பிப்ரவரியில் பிஸ்மத்துக்கும் டங்ஸ்டனுக்கும் அது ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்ததும் உலோகச் சந்தையில் பிஸ்மத் விலை பல மடங்கு எகிறியது. ஆகவே பயிற்சிக்கு பிஸ்மத்தைச் செலவழிக்காதீர்கள். களிமண் தட்டு சுடும் மைதானத்தில் ஈயத்துக்கு அனுமதி இருந்தால், அழுத்தம் குறைந்த ஈயத் தோட்டாவில் பழகிக்கொண்டு, வேட்டைத் தோட்டாவில் சிலவற்றை மட்டும் காகிதத்தில் சுட்டு ரவைக் கூட்டம் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுடப்போகிற தூரத்திலேயே காகிதத்தை வைப்பது முக்கியம்.

டங்ஸ்டன் வகைகளில் இரண்டு முகம் உண்டு. டங்ஸ்டன் தூளைப் பிளாஸ்டிக் பசையில் குழைத்துச் செய்த டங்ஸ்டன் மேட்ரிக்ஸ், அடர்த்தியில் ஈயத்துக்கு மிக அருகில் வரும். மென்மையானது, பழைய குழலுக்கு ஏற்றது. குணத்தை மட்டும் பார்த்தால் பிஸ்மத்தைவிட இதுவே மேல். கிடைப்பது அரிது என்பதால்தான் முதலிடம் கொடுக்கவில்லை. டி.எஸ்.எஸ். என்னும் சூப்பர் டங்ஸ்டன் அடர்த்தி 18, கடினம் இரும்பையும் மிஞ்சும், விலையும் அப்படியே. பழைய துப்பாக்கி வைத்திருப்பவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

குழலைத் திருத்துவது

ஃபுல் சோக்கைக் குடைந்து தளர்த்தலாம், திருகு சோக் பொருத்தலாம். வேலை தெரிந்தவர் செய்தால் கடினம் பற்றிய சிக்கல் தீரும். அழுத்தச் சிக்கல் அப்படியே இருக்கும், கட்டை அதே பழைய கட்டைதான். இதற்காக ஒரு பார்க்கரின் குழலைக் குடைவதை நான் அநியாயம் என்றே நினைக்கிறேன். 1934-இல் ரெமிங்டனுக்குக் கைமாறிய பார்க்கர் தொழிற்சாலை மீண்டும் அந்தக் குழல்களைச் செய்து தரப்போவதில்லை. எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது, சேகரிப்பாளர் கொடுக்கும் விலையும் சரிந்துவிடும்.

விலக்கு என்று சொன்னது ஆட்டோ-5. 1970-களில் அதன் உற்பத்தி ஜப்பானின் மிரோக்கு தொழிற்சாலைக்குப் போனது. பின்னாளில் திருகு சோக் வைத்து அங்கே செய்த இன்வெக்டர் குழல்கள் இரும்பைத் தாங்கும். தேடினால் பழைய சந்தையில் கிடைக்கும். பெல்ஜியக் குழலைக் கழற்றி எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்துவிட்டு, ஜப்பான் குழலை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போகலாம். எதையும் வெட்டவில்லை, குடையவில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: உள்ளே சுருள்வில்லோடு இருக்கும் உராய்வு வளையங்களைத் தோட்டாவின் பலத்துக்கு ஏற்ப மாற்றி அடுக்க வேண்டும். பலமான தோட்டாவுக்கு லேசான அடுக்கு வைத்துச் சுட்டால் முன்கட்டை வெடிக்கும். லேசான தோட்டாவுக்குப் பலமான அடுக்கு வைத்தால் காலித் தோட்டா வெளியே வராது.

எங்கே வேட்டை, எத்தனை பெட்டி

ஆர்கன்சாவில் ஸ்டட்கார்ட்டைச் சுற்றி, வெள்ளம் நின்ற ஓக் காடுகளில் மல்லார்ட் மரங்களுக்கிடையே இறங்கும். அங்கே சுடுவது பெரும்பாலும் 20, 30 கஜத்தில். பழைய இரட்டைக் குழலும் பிஸ்மத்தும் அந்த இடத்துக்குக் கச்சிதம்; ஃபுல் சோக் அங்கே இறுக்கமாகக்கூட இருக்கும், தளர்வான குழலின் விசையை முதலில் இழுங்கள். செசபீக் விரிகுடாவின் திறந்த நீரில் காற்றோடு பறக்கும் முக்குளி வாத்துகள் வேறு கதை. தூரம் கூடும், அடிபட்ட பறவை நீரில் மூழ்கி ஒளியும், மறுவேட்டு உடனே தேவைப்படும். அங்கே மூன்று அங்குல இரும்புத் தோட்டா ஏற்கும் புதுத் துப்பாக்கியே சரி. பழையதை வைத்துக்கொண்டு 50 கஜத்தில் சுட்டுப் பார்ப்பது பறவைக்குச் செய்யும் கொடுமை. தப்பிப் பறந்து நாணலுக்குள் கிடந்து சாகும் வாத்து யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

பணக் கணக்கு எளிது. பருவத்துக்கு இரண்டு பெட்டி, அதாவது 50 தோட்டா சுடுகிறவருக்கு இரும்புக்கும் பிஸ்மத்துக்கும் உள்ள வித்தியாசம் அறுபது, எழுபது டாலர். அதற்காக ஒருவர் தாத்தாவின் துப்பாக்கியை வீட்டில் விட்டுப் போக வேண்டியதில்லை. எட்டு, பத்துப் பெட்டி சுடுகிறவர் என்றால் அந்த வித்தியாசம் இரண்டு பருவத்திலேயே ஒரு நல்ல பம்ப் துப்பாக்கியின் விலையை எட்டிவிடும். அவர் புதியதை வாங்கி, மழையும் சேறும் உப்புக்காற்றும் உள்ள நாள்களில் அதை எடுத்துப் போகட்டும். காற்றில்லாத, வாத்து அருகே இறங்கும் நாள்களுக்குப் பழையது.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு விஷயத்தை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாத்து வேட்டையின்போது ஈயத் தோட்டாவை வைத்திருப்பதே குற்றம். மைதானத்துக்குப் போட்டுப்போன அதே மேலங்கியை மாட்டுகிறவர் எல்லாப் பைகளையும் உதறிவிட்டுக் கிளம்ப வேண்டும். பிஸ்மத்தைக் காந்தம் இழுக்காது என்பதால், காவல் அதிகாரி கேட்டால் காட்ட அச்சிட்ட பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். மாடல் 12, ஆட்டோ-5 போன்றவற்றின் தோட்டாக் குழாய் மூன்றுக்கு மேல் கொள்ளும். இடம்பெயரும் பறவைகளுக்குக் குழாயும் அறையும் சேர்த்து மூன்று என்பதே சட்டத்தின் எல்லை. அடைப்புக் கட்டை உள்ளே இருக்கிறதா என்று போலித் தோட்டாக்களைப் போட்டு எண்ணிப் பாருங்கள். பழைய துப்பாக்கிகளில் அதை எப்போதோ யாரோ கழற்றித் தொலைத்திருப்பார்கள்.